பிடசோவா முகத்துவாரத்தில்

பாஸ்க் கடற்கரையில் பிரான்சும் ஸ்பெயினும் சந்திக்கும் இடத்தில் முள்வேலி கிடையாது, மதில் கிடையாது. ஒரு சின்ன ஆறுதான் இருக்கிறது. பிரனீஸ் மலையின் நவார்ரா பக்கத்தில் பிறந்து, அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி, வடக்கே அட்லாண்டிக்கில் விழும் பிடசோவா. கடைசி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அதுவே இரண்டு நாடுகளின் எல்லை. வலக்கரையில் பிரான்சின் ஆந்தாய். இடக்கரையில் ஸ்பெயினின் இருன். இருனுக்குக் கீழே, ஆறு கடலைத் தொடும் வாசலில் ஒந்தரிபியா. மூன்று ஊருக்கும் நடுவே சிங்குடி என்ற ஆழம் குறைந்த விரிகுடா. கடல் ஏற்றத்தில் பளபளவென்று நிறைந்து நிற்கும். வற்றத்தில் சேற்றுத்திட்டுகள் வெளியே வந்து, கொக்குகளும் உள்ளான்களும் இறங்கிவிடும்.

இரு கரையிலும் பூர்வீகம் பாஸ்க் மக்கள்தான். அவர்களுடைய மொழிக்கு உலகில் வேறெந்த மொழியோடும் உறவு இதுவரை நிறுவப்படவில்லை. பாஸ்க் மொழியில் பேசும்போது அவர்கள் பிரான்ஸ், ஸ்பெயின் என்று பிரிப்பதில்லை. வடக்குப் பக்கம், தெற்குப் பக்கம் என்கிறார்கள். நான் கடலுக்காகத்தான் ஆந்தாய்க்குப் போனேன். போன பிறகு மனம் ஆற்றை விட்டு நகரவில்லை.

சான் செபாஸ்தியானிலிருந்து ‘டோப்போ’ என்ற உள்ளூர் ரயிலில் வந்தால் முக்கால் மணிக்குள் ஆந்தாய். டோப்போ என்றால் அகழெலி. வழியில் அவ்வளவு சுரங்கங்கள். 1913-இலிருந்து இந்த ரயில் எல்லை தாண்டி வந்துபோகிறது. பெட்டி நிறையப் பள்ளிப் பிள்ளைகள், கடைப்பை ஏந்திய பாட்டிமார், சர்ஃபிங் பலகையோடு இளைஞர்கள். ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ஒருவர்கூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இறங்கியதும் சீருடையில் இருவர் நின்றிருந்தார்கள். கூட்டம் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. என்னையும், எனக்குப் பின்னால் வந்த ஆப்பிரிக்க இளைஞர் ஒருவரையும் ஓரமாக வரச் சொன்னார்கள். என் பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா இருந்தது. புரட்டிப் பார்த்துத் தந்துவிட்டார்கள். அந்த இளைஞர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். 1995 மார்ச்சில் இந்த எல்லையில் பாஸ்போர்ட் சோதனை நீக்கப்பட்டது. 2015 நவம்பரில் பிரான்ஸ் தன் பக்கத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. சோதனை எல்லாருக்கும் பொது என்று சட்டம் சொல்லலாம். ரயில் மேடையில் அது தோலின் நிறம் பார்த்துத்தான் நடக்கிறது.

டோப்போ நிலையத்தை ஒட்டியே பெரிய ரயில் நிலையம். ரயிலில் ஆர்வமுள்ளவர்கள் இங்கே ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். ஒரே ஊரில் மூன்று வெவ்வேறு அகலங்களில் பாதைகள். டோப்போவுக்கு மீட்டர் கேஜ். பிரெஞ்சு ரயிலுக்கு 1435 மில்லிமீட்டர். ஸ்பானிய ரயிலுக்கு 1668. நம் அகல ரயில்பாதை 1676 என்பதால், ஸ்பானியத் தண்டவாளத்தைப் பார்த்தால் நமக்குக் கண்ணுக்குப் பழகியதாகவே இருக்கும். பிரெஞ்சுப் படை ரயிலேறி வந்துவிடக் கூடாது என்றுதான் ஸ்பெயின் வேறு அகலம் வைத்துக்கொண்டது என்று ஒரு கதை உலவுகிறது. 1844-இல் ஸ்பானியப் பொறியாளர்கள் அரசுக்குக் கொடுத்த அறிக்கை வேறு காரணம் சொல்கிறது: மலைநாட்டில் ஏற்றம் ஏற இழுவை கூடிய இன்ஜின் வேண்டும், அதற்குப் பெரிய கொதிகலன் வேண்டும், அதைத் தாங்க அகலமான பாதை வேண்டும். 1864-இல் மாட்ரிட் பாதை இருன் வரை வந்து சேர்ந்தபோது இரண்டு நாட்டுத் தண்டவாளங்களும் பொருந்தவில்லை. இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பிரெஞ்சு ரயில் ஆற்றைத் தாண்டி இருன் வரை போகும். ஸ்பானிய ரயில் ஆந்தாய் வரை வரும். பயணிகள் போகும் திசைக்கேற்ப இங்கோ அங்கோ இறங்கி மாறிக்கொள்ள வேண்டும். சரக்கை முழுக்க இறக்கி மறுபடி ஏற்றினார்கள். அந்த இறக்கல் ஏற்றலிலும் சுங்கத் தரகிலும் இரண்டு ஊர்களும் நூறு ஆண்டுக்கு மேல் பிழைத்தன. 1993 ஜனவரி 1-இல் ஐரோப்பா ஒரே சந்தையானபோது சுங்கத் தரகர்கள் தொழிலை இழந்தார்கள். எல்லை இருந்ததால் சோறு கண்ட குடும்பங்களும் இங்கே உண்டு. அதை மறக்கக் கூடாது.

இந்த நிலையத்தில்தான் 1940 அக்டோபர் 23 அன்று ஹிட்லரும் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவும் சந்தித்தார்கள். ஸ்பெயினைப் போரில் இழுத்து ஜிப்ரால்டரைப் பிடிக்க வேண்டும் என்பது ஹிட்லரின் கணக்கு. பிராங்கோ விலையாகப் பிரான்சின் வட ஆப்பிரிக்க நிலத்தைக் கேட்டார். பிராங்கோவின் ரயில் தாமதமாக வந்தது. ஹிட்லரின் ரயில் பெட்டியில் மணிக்கணக்காகப் பேசியும் பேரம் படியவில்லை. இன்னொரு முறை அந்த ஆளோடு பேசுவதற்குப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று ஹிட்லர் முசோலினியிடம் பிறகு சொன்னது பதிவாகியிருக்கிறது.

எனக்கு அந்த இருவரையும்விட மிகேல் தே உனமுனோதான் இங்கே முக்கியம். பில்பாவோவில் பிறந்த பாஸ்க்காரர், சலமன்கா பல்கலைக்கழகத்தின் ரெக்டர். சர்வாதிகாரி பிரிமோ தே ரிவேராவை எதிர்த்ததற்காக 1924-இல் நாடு கடத்தப்பட்டார். பாரிஸில் இருந்திருக்கலாம். ஸ்பெயின் கண்ணில் படும் இடம் வேண்டும் என்று 1925-இல் ஆந்தாய்க்கு வந்து நிலையத்தருகே ஒரு விடுதியில் தங்கினார். எதிர்க்கரை மலையைப் பார்த்தபடி நாலைந்து ஆண்டு. ஆட்சி கவிழ்ந்த பின், 1930 பிப்ரவரியில் பாலத்தின் மேல் நடந்து இருனுக்குள் போனார். அக்கரையில் கூட்டம் காத்திருந்தது. அந்த விடுதியிலிருந்து பாலத்துக்குப் பத்து நிமிட நடைதான்.

நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நல்ல தொலைவு; பேருந்தில் போய்விடலாம். கரை மூன்று கிலோமீட்டர் நீளம், மெல்லிய மணல், மெதுவாகச் சரியும் தரை. அலை பெரிதாக எழுந்து ஆளைப் புரட்டுவதில்லை. சர்ஃபிங் பழகுகிற பிள்ளைகள் அதனால்தான் இங்கே குவிகிறார்கள். நடுவில் 1884-இல் கட்டிய பழைய சூதாட்ட விடுதி, மூரிஷ் பாணிக் கட்டடம். பிரனீஸ் மலை நெடுக மத்தியதரைக் கடல் வரை போகும் நெடும் நடைபாதை அதன் வாசலில்தான் தொடங்குகிறது. ஏறத்தாழ 900 கிலோமீட்டர். முதுகுப் பையோடு ஒரு தம்பதி கடல் நீரில் பூட்ஸை நனைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பியேர் லோத்தி இந்த ஊரில்தான் 1923 ஜூன் 10 அன்று இறந்தார். கடற்படை அதிகாரி, நாவலாசிரியர். 1891-இல் பிடசோவாவில் நின்ற ‘ஜாவ்லோ’ என்ற சிறு போர்க்கப்பலுக்குத் தலைவராக வந்தார். ஆற்றைக் கண்காணிப்பது அந்தக் கப்பலின் பணி. ஆனால் 1897-இல் அவர் எழுதிய ‘ராமுன்ச்சோ’ நாவலின் நாயகனோ இரவில் மலைவழியே சரக்குக் கடத்துபவன். கடத்தலை இந்த மக்கள் ‘இரவு வேலை’ என்றுதான் குறிப்பார்கள். அதைப் பாவமாக எண்ணியதில்லை. தமிழ் வாசகர்களுக்கு லோத்தி முற்றிலும் அந்நியரல்ல. 1899-1900-இல் இந்தியா வந்தவர், மதுரையையும் திருவரங்கத்தையும் புதுச்சேரியையும் பார்த்து எழுதியிருக்கிறார்.

கடற்கரையின் கிழக்குக் கோடியில், ‘இரட்டையர்’ எனப்படும் இரு பாறைகள் கடலுக்குள் நிற்கும் முனைக்கு மேல், அபாடியா மாளிகை. ஆந்தாய்க்குப் போகிற யாரும் இதைத் தவறவிடக் கூடாது. அந்துவான் தபாடி 1810-இல் டப்ளினில் பிறந்தவர். அப்பா பாஸ்க், அம்மா ஐரிஷ். தம்பி அர்னோவோடு எத்தியோப்பியாவில் பத்தாண்டுக்கு மேல் அலைந்து, முக்கோண அளவை முறையில் அந்த நாட்டுக்கு நிலப்படம் வரைந்தார். ஏட்டுச்சுவடிகள் சேகரித்தார். திரும்பி வந்ததும் வயோலே-லெ-துய்க் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் வரைபடம் வாங்கி, எத்மோன் துய்த்துவா மேற்பார்வையில், 1864-இலிருந்து 1879 வரை இதைக் கட்டினார். வெளியே கோதிக் கோட்டை. படிக்கட்டின் இருபுறமும் கல் முதலைகள், சுவரில் யானை, பாம்பு. உள்ளே சுவரெங்கும் எத்தியோப்பிய வாழ்க்கைச் சித்திரங்கள். விட்டங்களிலும் கதவு நிலைகளிலும் பாஸ்க், ஐரிஷ், லத்தீன், எத்தியோப்பிய வரிவடிவம் எனப் பல மொழிகளில் பொன்மொழிகள். நுழைவாயிலில் ஐரிஷ் மொழியில் ஒரு வரவேற்பு: நூறாயிரம் முறை வருக.

மாடிப்படியின் அடியில் அப்துல்லா என்ற எத்தியோப்பிய இளைஞனின் சிலை விளக்கேந்தி நிற்கிறது. அடிமைத்தளையிலிருந்து மீட்டு தபாடி தன்னோடு பிரான்சுக்கு அழைத்து வந்தவர். சிலையை நிமிர்ந்து பார்க்கும்போது ரயில் மேடையில் நின்ற இளைஞர் நினைவுக்கு வந்தார். அவரை விட்டார்களா, இருனுக்குத் திருப்பி அனுப்பினார்களா?

வானாய்வு அறைதான் வீட்டின் உயிர். கூரையிலும் சுவரிலும் வடக்கு தெற்காக ஒரு நீண்ட பிளவு. கீழே மெரிடியன் தொலைநோக்கி. ஒரு விண்மீன் உச்சக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் கண்ணாடியில் கட்டிய மெல்லிய இழைகளின் மேல் வைத்துப் பிடிப்பார் ஒருவர். நேரத்தைக் குறிப்பார் மற்றவர். வட்டத்தை 360-ஆகப் பிரிக்காமல் 400-ஆகப் பிரித்திருக்கிறார்கள். தபாடி பதின்ம முறையில் பிடிவாதமான நம்பிக்கை உள்ளவர். மாளிகையை அறிவியல் கழகத்துக்கு எழுதிவைத்தார். 1897-இல் அவர் இறந்த பிறகும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை குருமார்கள் இங்கே இரவு இரவாக உட்கார்ந்து விண்மீன் அட்டவணை எழுதினார்கள்.

வழிகாட்டிப் பெண் ஒரு சுவரில் இருந்த வட்டத் துளையைக் காட்டினார். பல சுவர்களை ஊடுருவி, தென்கிழக்கே 900 மீட்டர் உயரமுள்ள லா ரூன் மலையை நோக்கிப் போகும் நேர்த்துளை. காற்றின் வழியே ஒளி எப்படி வளைகிறது என்று மலையுச்சியைப் பார்த்து அளக்க விரும்பினார் தபாடி. அளவு கிடைக்கவில்லை. துளையை அடைக்காமல் விட்டு, அதன் பக்கத்திலேயே பாஸ்க் மொழியில் எழுதிவைத்தார்: பார்க்கவும் இல்லை, அறியவும் இல்லை. பலிக்காத சோதனையைக் கல்லில் பொறித்து வைத்த அந்த நேர்மை எனக்கு அந்த மாளிகையிலேயே பெரிய காட்சி.

கடற்கரையின் மறுகோடி, சொக்கோபுரு படகுத்துறை. அங்கிருந்து ஒந்தரிபியாவுக்குச் சின்ன மோட்டார் படகு. கட்டணம் இரண்டு யூரோ சொச்சம். சைக்கிள்காரர்கள் நால்வர், ரொட்டிப் பை வைத்திருந்த ஒரு முதியவர், நான். படகோட்டி பயணச்சீட்டுக்குக் காசு வாங்கினார், கயிற்றை அவிழ்த்தார், கிளம்பினார். பாஸ்போர்ட் பற்றிப் பேச்சே இல்லை. சில நிமிடத்தில் ஸ்பெயின். அக்கரையில் சாப்பாட்டு நேரமே வேறு. ஆந்தாயில் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு இரண்டு மணிக்குச் சமையலறையை மூடிவிடுகிறார்கள். இங்கே இரண்டு மணிக்குத்தான் மேசை நிரம்புகிறது.

கரையை ஒட்டிய மீனவர் குடியிருப்பில் வீடுகளின் மரப்பலகைகளும் பால்கனிகளும் பச்சை, நீலம், சிவப்பு. படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் என்பார்கள். மதுக்கடைகளின் கல்லா மேசையில் சிறு தட்டுகளில் பின்ச்சோக்கள் அடுக்கியிருக்கும். ஹில்டா என்றொன்று: பச்சை ஆலிவ், உப்பில் ஊறிய நெத்திலி, வினிகரில் ஊறிய மிளகாய், மூன்றையும் ஒரு குச்சியில் கோத்தது. கடித்ததும் உப்பும் புளிப்பும் காரமும் சேர்ந்து வந்தன. நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். கணவாயை அதன் மையிலேயே சமைத்துக் கறுப்புக் குழம்பாகத் தருகிறார்கள். செப்டம்பர் கடைசி என்பதால் துறைமுகத்தில் சூரை மீன் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கத்திய சூரைக்குப் பக்கத் துடுப்பு உடம்பின் பாதி தாண்டி நீள்கிறது. பெரிய வலை போட்டு அள்ளுவதில்லை. உயிருள்ள சிறுமீனைக் கடலில் வீசி, படகின் ஓரத்திலிருந்து நீரைப் பீய்ச்சி மேற்பரப்பைக் கலக்கி, கூட்டம் மேலே வந்ததும் தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாக இழுக்கிறார்கள். மீனின் மேல் வலை உரசிய காயம் ஒன்றுகூட இல்லை.

மேட்டில் மதில் சூழ்ந்த பழைய ஊர். 1638-இல் பிரெஞ்சுப் படை இதை இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டது. செப்டம்பர் 7 அன்று முற்றுகை உடைந்தது. அதன் நினைவாக ஆண்டுதோறும் செப்டம்பர் 8-இல் ‘அலர்தே’ என்ற துப்பாக்கி அணிவகுப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் தேர்ந்தெடுத்த ஒரு பெண்ணைத் தவிர அணியில் ஆண்கள் மட்டுமே நடப்பது வழக்கம். தாங்களும் துப்பாக்கி ஏந்தி நடப்போம் என்று 1990-களில் பெண்கள் கேட்டார்கள்; ஆணும் பெண்ணும் கலந்த ‘ஹைஸ்கிபெல்’ குழு உருவானது. அவர்கள் போகும் வழியில் ஊரார் பலர் முதுகைக் காட்டினார்கள். கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கி மறைத்தார்கள். அந்தப் பெண்கள் விடவில்லை. அந்நியப் படையை எதிர்த்து நின்றதைக் கொண்டாடும் ஊர், சொந்த மகள்களுக்கு முதுகைக் காட்டியது எனக்கு மிகவும் வலித்தது.

ஒந்தரிபியாவிலிருந்து ஆற்றோரமாக மேலே போனால் விமான நிலையத்தின் ஓடுபாதை, பிறகு இருன், பிறகு பெகோபியா. அங்கே ஆற்றுக்கு நடுவில் ஃபெசன்ட் தீவு. நீளம் 200 மீட்டர் இருக்கும், அகலம் 40. மரங்களும் வெட்டிவிட்ட புல்லும் ஒரு நினைவுத்தூணும். பிப்ரவரி முதல் ஜூலை வரை ஸ்பெயினுக்குச் சொந்தம், ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை பிரான்சுக்கு. இரு பக்கத்துக் கடற்படை அதிகாரிகள் முறைவைத்து நிர்வகிக்கிறார்கள். பொதுமக்கள் கால் வைக்க அனுமதி இல்லை; கரையில் நின்று பார்க்கலாம். நான் பார்த்தது பிரெஞ்சு முறை.

இந்தச் சின்ன ஆற்றில் அரச குடும்பங்கள் ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன. 1526 மார்ச்சில், சிறைப்பட்ட பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவை விடுவித்து, பிணையாக அவருடைய இரு பையன்களை ஸ்பெயின் வாங்கிக்கொண்டது. நடு ஆற்றில் படகுக்குப் படகு மாற்றம். 1615-இல் ஸ்பெயின் இளவரசி ஆன் பிரான்சுக்கும், பிரெஞ்சு இளவரசி இசபெல் ஸ்பெயினுக்கும் மணப்பெண்களாக இதே ஆற்றில் கைமாறினார்கள். ஆனுக்குப் பதினான்கு வயது. பிறகு இரு நாடும் நெடுங்காலம் போரிட்டன. 1659 நவம்பர் 7 அன்று இந்தத் தீவில் பிரனீஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி பதினான்காம் லூயிக்கு ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசா. 1660 ஜூனில் தீவில் இரு அரசவையும் கூடின. மண்டபத்தின் தரையில் எல்லை ஓடியது. அவரவர் தம் நாட்டுப் பக்கத்தில் நின்றார்கள். ஸ்பானியப் பக்க அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஓவியர் வெலாஸ்கெஸ். ஊர் திரும்பி ஆகஸ்டில் இறந்துபோனார். மணமகனின் தாயாக அங்கே வந்திருந்த ஆன், மணமகளின் தந்தையான தன் தம்பி நான்காம் பிலிப்பை 45 ஆண்டுக்குப் பிறகு பார்த்தார். அதற்குப் பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை.

தீவுக்கு எதிரே நிற்கும்போது வற்றம். முழங்கால் நனைய நடந்து தீவுக்குப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் பிடசோவா ஆளை ஏமாற்றும் ஆறு. மலையில் மழை பெய்தால் சட்டென்று வேகம் பிடிக்கும். கீழே கடல் ஏற்றம் எதிர்த்து வரும். இரண்டாம் உலகப் போரில், விமானம் விழுந்து தப்பிய நேச நாட்டு வீரர்களை பெல்ஜியத்திலிருந்து ஸ்பெயினுக்குக் கடத்திவிட ‘கொமெட்’ என்ற தலைமறைவு அமைப்பு இயங்கியது. 1941-இல் ஆந்த்ரே தெ ஜோங் என்ற இருபத்துநாலு வயதுப் பெண் முதல் குழுவைத் தானே அழைத்து வந்தார். மலை தெரிந்த பாஸ்க் கடத்தல்காரர் புளோரெந்தினோ கொய்கோஎச்சேயா இருட்டில் வழிகாட்டினார். நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள். 1943 டிசம்பரில் ஆறு பெருக்கெடுத்திருந்த ஓர் இரவில், அமைப்பின் தலைவர் அந்துவான் தூர்செலும் அமெரிக்க விமானப்படை வீரர் ஒருவரும் இதே ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். அதற்கு ஏழு ஆண்டு முன்னால், 1936 செப்டம்பர் தொடக்கத்தில், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் இருன் எரிந்தபோது மக்கள் குழந்தைகளோடு பாலத்தைத் தாண்டி ஆந்தாய்க்கு ஓடினார்கள். அன்று ஓட்டம் வடக்கு நோக்கி. உலகப் போர்க்காலத்தில் தெற்கு நோக்கி.

இப்போது மறுபடி வடக்கு நோக்கி. கினி, மாலி, செனகல், ஐவரி கோஸ்ட் நாட்டு இளைஞர்கள் கேனரித் தீவுகளிலோ ஆந்தலூசியாவிலோ கரையேறி, பேருந்தில் இருன் வருகிறார்கள். பெரும்பாலோர் பிரெஞ்சு பேசுகிறவர்கள், உறவினர் பிரான்சில். பாலத்தில் பிடித்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சிலர் ஆற்றில் இறங்குகிறார்கள். 2021-இலிருந்து பலர் பிடசோவாவில் மூழ்கிச் செத்திருக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று, ஆந்தாய்க்கு வடக்கே, சோதனைக்குப் பயந்து தண்டவாளம் வழியே போய் அங்கேயே படுத்துவிட்ட மூவரை விடியலில் ரயில் அடித்தது.

இருன் நகர மன்றத்துக்கு முன்னுள்ள சான் ஹுவான் சதுக்கத்தில், ‘இருன் வரவேற்பு வலைப்பின்னல்’ என்ற தன்னார்வ அமைப்பினர் காலை வேளையில் வந்து நிற்கிறார்கள். 2018-இல் தொடங்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், கடைக்காரர்கள். நான் போனபோது ஆறேழு இளைஞர்கள் இருந்தார்கள். ஒரு பாட்டி ஒருவனுடைய செருப்பைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஷூவை எடுத்து அளவு பார்த்தார். இன்னொருவர் நிலப்படத்தை விரித்து ஆற்றின் மேல் விரலை வைத்து, இங்கே வேண்டவே வேண்டாம், நீச்சல் தெரிந்தாலும் வேண்டாம் என்று பிரெஞ்சில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏற்றம் எத்தனை மணிக்கு, நீர் எவ்வளவு குளிர் என்று விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த பையன் கடற்கரை ஊர்க்காரன். தனக்கு நீந்தத் தெரியும் என்றான். அவர் விடவில்லை. 35 கிலோமீட்டர் வடக்கே பாயோனில் ‘பௌசா’ என்ற விடுதி இருக்கிறது, அங்கே போய்ச் சேர்ந்தால் சில இரவு தங்கலாம், சாப்பாடும் மருத்துவமும் கிடைக்கும் என்று சொல்லி, முகவரியை ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுத்தார்.